ஊசியும் பாகற்காயும்

ஜூன் 19, புதன்

காலையிலேயே அனல். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. பம்புசெட் உள்ளவர்கள் மட்டும் குறுவை நட்டிருக்கிறார்கள். தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம்.

ஸ்கேன் சரி. இன்றே ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். முதல் ஊசி நர்ஸ் போட்டாள், தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி. நாளையிலிருந்து நானே. பேனா மாதிரி இருக்கிறது. திருகி, குத்தி, அழுத்தி, அவ்வளவுதான்.

வயது முப்பத்து நாலு. கருமுட்டை இருப்பு வயதுக்குக் குறைவு என்று போன மாதம் தெரிந்தது. கல்யாணம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அதற்குள் இது தீர்ந்துவிடக் கூடாது. எடுத்து உறைய வைத்துவிட்டால் நிதானமாக ஒருத்தனைத் தேடலாம், தேடாமலும் இருக்கலாம். சிங்கப்பூரில் இத்தனை வருடம் உழைத்ததற்கு எனக்கு நானே செய்துகொள்ளும் சீர்.

அம்மாவுக்குத் தெரியாது. 28-ஆம் தேதி அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அது முடியட்டும். இப்போது சொன்னால் மணவறையில் அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பாள்.

மருந்து: ஃப்ரிட்ஜில், காய்த் தட்டில், கறிவேப்பிலைக்கு அடியில்.

ஜூன் 21, வெள்ளி

நேற்று முதல் தடவையாக நானே. நசீமாவுக்கு வீடியோ கால். பள்ளிக்கூடத்துத் தோழி, கும்பகோணத்தில் மருந்துக் கடை, வீட்டுக்காரர் துபாயில். மருந்து வரவழைத்துக் கொடுத்தவளும் அவள்தான். "கண்ண மூடாதடி! பாத்துக் குத்து. தலகாணிலயா குத்தப் போற?" சிரித்த சிரிப்பில் குத்தியது தெரியவில்லை. இன்று யார் துணையும் இல்லாமல் போட்டுக்கொண்டேன். பெருமை.

மதியம் பாகற்காய்ப் பொரியல். காலையில் வெந்தயம் ஊறிய தண்ணீர். "உடம்புக்கு நல்லது, குடி" என்றாள் அம்மா. குடித்தேன்.

செய்ய வேண்டியவை: தையல்காரரிடம் ஜாக்கெட். அப்பாவுக்குப் பட்டு வேட்டி. வேன்காரருக்கு ஞாபகப்படுத்த. திருக்கடையூருக்கு மருந்து எடுத்துப் போக நசீமாவிடம் ஐஸ் டப்பா.

ஜூன் 24, திங்கள்

இரண்டாவது ஸ்கேன். இடது பக்கச் சினைப்பை சுறுசுறுப்பு, வலது பக்கம் சோம்பேறி. "ஏழெட்டு முட்டை கெடச்சா எனக்குத் திருப்தி" என்றார் டாக்டர். எனக்கும். மூன்று நாலோடு நின்றுவிட்டால்? மறுபடி முதலிலிருந்தா? நினைக்க வேண்டாம். வயிறு பந்தி சாப்பாடு சாப்பிட்டது மாதிரி இருக்கிறது.

பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள்: "புள்ளயும் மருமவளும் கனடாவுல. அவங்க வாங்குன நாய் மட்டும் எங்கிட்ட."

வீட்டில் ஒரு அதிசயம். நாலைந்து நாளாகக் கல்யாணப் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும் மாப்பிள்ளை போட்டோவும் வரவில்லை. பூந்தோட்டம் ஊரிலிருந்து ஒரு குடும்பம் திருக்கடையூருக்கே வந்து என்னைப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. "அவங்க வரல" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. சண்டை போடத் தயாராக இருந்தேன், வீணாய்ப் போயிற்று.

மறுபடியும் பாகற்காய். பக்கத்து வீட்டுப் புதுமனைப் புகுவிழா லட்டு முழுக்க அப்பாவுக்கே போயிற்று. பட்டுப் புடவையில் நான் ஒல்லியாகத் தெரிய வேண்டுமாம், அதற்குத்தான் இத்தனையும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

திருக்கடையூர். எங்கு பார்த்தாலும் வயதான மாப்பிள்ளை, பெண். ஹோமப் புகையில் யார் அப்பா, யார் பெரியப்பா தெரியவில்லை. தாலி கட்டும்போது அப்பாவுக்கு வெட்கம். அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. கலசத் தண்ணீரை இருவர் தலையிலும் ஊற்றினேன். குடம் கனம், வயிறு இறுக்கம், ஆனாலும் ஊற்றினேன். தம்பிக்கு லீவு இல்லை. ஷார்ஜாவிலிருந்து போனில், "அக்கா, கேமராவ அந்தப் பக்கம் திருப்பு!" சந்தோஷமாக இருந்தது.

பந்தியில் பக்கத்தில் விசாலி அத்தை, அப்பாவின் தங்கை. என் இலையில் விழுந்த சர்க்கரைப் பொங்கலைத் தன் இலைக்கு வழித்துக்கொண்டாள்.

"உனக்கு எதுக்கும்மா இது? அண்ணி எல்லாம் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"மறைக்காத. சுகர் யாருக்குத்தான் இல்ல? ஆனா இந்த வயசுலயே ஊசியா?"

ரசம் வரும்போதுதான் புரிந்தது. கறிவேப்பிலைக்கு அடியில் அம்மா பார்த்திருக்கிறாள். பெரியப்பா போட்டுக்கொள்ளும் இன்சுலினும் இதே மாதிரி பேனாதான். பாகற்காய், வெந்தயம், லட்டு, எல்லாம் அதற்குத்தான்! சிரிப்பு வந்து ரசம் மூக்கில் ஏறியது.

"பூந்தோட்டத்துக்காரங்களுக்கு அண்ணியே போன் போட்டு, பொண்ணுக்கு சுகர், மறைச்சுக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம். பாவம்" என்றாள் அத்தை.

வேனில் திரும்பும்போது ஒரு யோசனை. சுகராகவே இருந்துவிட்டுப் போகட்டுமே? இனி எவனும் வர மாட்டான். ஆயுசுக்கும் விடுமுறை. உண்மையிலேயே ஆசையாக இருந்தது.

மாயவரத்தில் டீக்கு நிறுத்தினோம். "எனக்குச் சீனி வேண்டாங்க" என்றாள் அம்மா. காபிக்கு மூணு ஸ்பூன் போடுகிறவள். "ஒரு வாரமா இப்படித்தான். என்ன வேண்டுதலோ" என்றார் அப்பா. மனசு கரைந்துவிட்டது. இவளை ஏமாற்ற என்னால் முடியாது.

ஜூன் 29, சனி

நேற்று எடுத்திருக்க வேண்டிய ஸ்கேனை இன்று எடுத்தார்கள். திங்கட்கிழமை முட்டை எடுக்கலாம்.

திரும்பி வந்தால் அம்மா பாகற்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, அது சுகர் ஊசி இல்ல."

அருவாமனையை மடக்கி வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டாள்.

"அப்ப சுகர் இல்லியா?"

"இல்லம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

முதுகில் ஓங்கி ஒரு அறை. பிறகு அழுகை. "ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்லடி! நான் வாத்திச்சியா இருந்தவ, எங்கிட்ட சொன்னா எனக்குப் புரியாதா?" தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிறகு சாயங்காலம் வரை விட்டு விட்டுக் கேள்விகள்.

வலிக்குமா? (கொஞ்சம்.)
தஞ்சாவூர்லயே பண்றாங்களா? (ஆமாம்.)
எடுத்துட்டா உள்ள ஒண்ணும் இல்லாமப் போயிடாதா? (போகாது.)
அப்பாகிட்ட யார் சொல்றது? (அவளே பதிலும் சொன்னாள்: "நான் சொல்லிக்கிறேன்.")

துணி மடிக்கும்போது கடைசிக் கேள்வி. "அப்ப கல்யாணமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியா?"

"வேண்டாம்னு இல்லம்மா. பயந்துகிட்டு பண்ணிக்க வேண்டாம்னுதான்."

அம்மா துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சம்மதமா, கோபமா, தெரியவில்லை.

கடைசி ஊசியை ராத்திரி டாக்டர் சொன்ன நிமிஷத்துக்குப் போட வேண்டும். கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி அம்மா பக்கத்தில் நின்றாள்.

ஜூலை 1, திங்கள்

டாக்ஸி. அம்மா, நசீமா, நான். வெறும் வயிறு. மயக்க மருந்து கொடுத்தது வரை ஞாபகம்.

எடுத்தது ஒன்பது. முதிர்ந்தவை ஏழு. ஏழும் உறைய வைத்தாயிற்று! நசீமா விசில் அடித்தாள், நர்ஸ் முறைத்தாள்.

லேப் பெண்ணை அம்மா விடவில்லை. "பேரு சரியா எழுதினீங்களா? சுமதின்னு ஊர்ல நிறைய பேரு. இனிஷியல் போட்டீங்களா?" அந்தப் பெண் சீட்டின் நகலைக் காட்டினாள். அம்மா கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தாள். பிழை இல்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

வலி: மாதவிலக்கு அளவு. இட்லி இரண்டு. நிம்மதி.

கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அத்தையிடமிருந்து போன். அம்மா வராந்தாவுக்குப் போனாள். போய் என்ன, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.

"சுகர் இல்ல விசாலி, அது என் தப்பு... ஊசி வேற விஷயம், நேர்ல சொல்றேன்... யாரு, பூந்தோட்டமா? இப்பக் கூப்பிட்டாலும் வருவாங்களா?... வேண்டாம். சுகர் இல்லதான், இருந்தாலும் வேண்டாம். அவளுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லட்டும். எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அழுதுவிட்டேன். வலிக்கிறதா என்று கேட்டாள் நர்ஸ். இல்லை என்றேன்.