நாலாவது கோடு

மாமா,

அடுப்படி அலமாரியைத் திறந்தாலே ஓம வாசனை மூக்கில் ஏறுகிறது. உன் பாட்டில்தான். நீ போய் இருபது நாளாகிறது. உன் சட்டைகளை அம்மா மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள். உன் ஹெல்மெட்டை உன் கூட வேலை செய்தவர் கேட்டார், கொடுத்துவிட்டாள். இந்தப் பாட்டிலை மட்டும் அவளும் தொடவில்லை, நானும் தூக்கிப் போடவில்லை. பச்சைக் கண்ணாடி, நீளக் கழுத்து, வேளைக்கு இவ்வளவு என்று அளக்கப் பக்கவாட்டில் ஆறு மேட்டுக் கோடுகள். ஏழு மாதம் கீழிருந்து நாலாவது கோட்டிலேயே நின்ற தண்ணீர் இன்று காலையில் இரண்டாவது கோட்டுக்கு இறங்கியிருந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் நாம் பாதிதான் பேசினோம்.

தண்டலத்துக்கு இந்தப் பக்கம், பெங்களூர் ரோட்டை ஒட்டி, வெள்ளைக்காரன் காலத்து ஓட்டல் ஒன்று பாழடைந்து கிடந்ததே. குதிரை வண்டியில் வந்த துரைமார் இறங்கித் தங்கிய இடம் என்பார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் மட்டும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அதை இடித்துவிட்டு உதிரிபாகக் குடோன் கட்டப் போகிறார்கள் என்று உன்னையும் உன் பொக்லைனையும் அனுப்பினார்கள். முதல் நாள் சாயந்தரமே நீ ஒரு சாக்கோடு வந்தாய்.

"இன்னாடி டாக்டரம்மா, உனக்கு ஒரு டிஸ்பென்சரியே கொணாந்துகீறேன்!"

ப்ளஸ் ஒன்னில் நான் உயிரியல் எடுத்த குற்றத்துக்கு நீ வைத்த பட்டம் அது. சாக்குக்குள் வைக்கோல் சுற்றிய பாட்டில்கள், கூடவே ஒரு தகரப் பலகை. ஓட்டலின் பார் சுவரில் அறைந்திருந்த மருந்து விளம்பரம் என்றாய். பலகையில் இரண்டு படம், மேலே இங்கிலீஷில் 'முன்', 'பின்'. 'முன்'னில் மீசைக்காரன் ஒருவன் கட்டிலில் சுருண்டு கிடந்தான். 'பின்' பக்கம் முழுவதையும் துரு தின்றிருந்தது.

"இந்தாளு எழுந்தானா இல்லியான்னே தெரியலியே" என்றாய்.

நான் சிரித்தேன். இப்போது அந்தப் பலகையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன்.

ஒரு பாட்டிலில் மட்டும் காகிதம் ஒட்டியபடி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன்: ஜுரம், ஈரல் வீக்கம், தூக்கமின்மை, மனச்சோர்வு, சொந்த ஊர் ஏக்கம் எல்லாவற்றுக்கும் கைகண்ட மருந்து, இந்த ஓட்டலில் தங்கும் கனவான்கள் தினமும் காலையில் அருந்துவது.

"எல்லாத்துக்கும் ஒரே பாட்டிலா?"

"சர்வரோக நிவாரணி மாமா. ஓட்டல்ல வித்ததால சர்வர் ரோக நிவாரணி."

"அப்போ ஓனருக்கு வந்தா வேலை செய்யாது" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இரண்டு மாதமாக இதே கதை.

"ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டேன்டா" என்றாள் அம்மா.

"போறேங்க்கா. இருமல்ன்ற பேர்லயே 'இரு'ன்னு கீது, சொன்னவொடனே எப்டிப் போவும்?"

நீ போகமாட்டாய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உங்கள் சைட்டில் ஒருநாள் உடம்பு முடியவில்லை என்று முதலுதவி அறை ரிஜிஸ்டரில் பேர் ஏறினால் போதும், மாற்று ஆள் உன் சீட்டில் ஏறிவிடுவான். ஏறினவன் இறங்கமாட்டான். மண்ணூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் வண்டி ஓட்டும் அத்தனை பேரும் சட்டைப் பையில் மாத்திரையை ஒளித்துக்கொண்டுதான் சீட்டில் உட்காருகிறார்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தால் நீ இருமலை விழுங்குவாயாம். ஊரில் எல்லோரும் சோறு விழுங்கினால் என் மாமா இருமலை விழுங்குகிறார் என்று நான் பள்ளிக்கூடத்தில் ஜோக்கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நீ வேலைக்குப் போனதும் குறும்பு தலைக்கேறியது. அந்தக் காகிதம் ஒட்டிய பாட்டிலைக் கழுவினேன். ஓமத்தைக் கொதிக்கவைத்து, வெல்லம் கருக்கிப் போட்டு, மிளகு தட்டிப் போட்டு, நாலாவது கோடு வரைக்கும் ஊற்றித் தக்கையை மெழுகால் அடைத்தேன். "மாமா, சாக்கை ஒழுங்கா பார்த்தியா? ஒண்ணு ஃபுல்லா, சீல் உடைக்காம இருந்துச்சு!" என்றேன். மோந்து பார்த்தாய். என்னை ஒரு பார்வை பார்த்தாய். ஒரு டானிக் மூடியில் ஊற்றி ஒரே மடக்கு.

"யப்பா! துரைமாருங்க இன்னாத்துக்கு நம்ம ஊர வுட்டுப் போனாங்கன்னு இப்போதான் புரியுது."

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் நீ தினமும் காலையில் குடிக்க ஆரம்பித்துவிட்டாய். பல் தேய்த்துவிட்டு வருவாய், மூடியில் ஊற்றுவாய், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்தபடியே குடிப்பாய். "இப்போ கொஞ்சம் தேவலாடி" என்பாய். அந்த 'தேவலா' என்னைக் கட்டிப் போட்டது. உண்மையைச் சொன்னால் தேவலையானதும் போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் நீ டாக்டரிடம் போகவேமாட்டாயே என்று இன்னொரு பயம். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன்.

பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன். தண்ணீர் நாலாவது கோட்டிலேயே இருந்தது.

நான் ஒரே ஒரு தடவைதான் ஊற்றினேன் மாமா. நீ தினமும் ஒரு மூடி குடிக்கிறாய், அது குறையவில்லை. என் கண்தான் சரியில்லையோ என்று மட்டத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு மாதம் ஆனது. புள்ளியும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டே இருந்தன. நீதான் என் குறும்பைக் கண்டுபிடித்து, திருப்பி என்னை ஆட்டிவைக்க ஊற்றுகிறாய் என்று முடிவு கட்டினேன். கேட்கவும் முடியாது. கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், தினமும். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது, வாய்க்குத்தான் வரவில்லை.

மே மாதக் கடைசியில், மத்தியான வெயிலில், விட்டுவிட்டு இடித்துக்கொண்டிருந்த ஓட்டலின் கடைசிச் சுவர் விழுந்த அன்று, நீயும் சீட்டிலிருந்து விழுந்தாய். கூட வேலை செய்தவர்கள் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் அம்மாவும் ஓடி வந்தோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாளா என்ன பண்ணீங்க? வேற ஏதாச்சும் மருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். "இல்ல சார்" என்றாய்.

அந்த இரண்டு வார்த்தையை நான் எங்கே போய் இறக்கிவைப்பேன்? என் ஓமத் தண்ணியை நம்பி ஒரு ஆள் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தான் என்றால், அது குறும்பு இல்லையே மாமா.

மறுநாள் சாயந்தரம் அம்மா டீ வாங்கப் போனாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீயே ஆரம்பித்தாய்.

"இந்த வாட்டி ஓமம் கம்மியா போட்டுட்டியேடி. வெல்லமும் சரியா கருகல."

"உனக்குத் தெரியுமா?"

"முத நாளே தெரியும். வூடு பூரா ஓமம் மணக்குது, இதுல நூறு வருச மருந்தாம்! நீ திருட்டு முழி முழிச்சிக்கினு நிப்ப பாரு, அதப் பாக்கத்தான் குடிச்சேன்."

"அப்போ ஆஸ்பத்திரிக்கு ஏன் போகல?"

"எவனாவது என் சீட்ல ஏறிடுவான்டி. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

அழுகை வந்தது. பெரிய பாறை ஒன்று நெஞ்சிலிருந்து நகர்ந்த மாதிரியும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீயும் நல்லாத்தான் ஏமாத்துன. தினமும் ஊத்தி ஊத்தி வெச்சியே" என்றேன்.

உன் சிரிப்பு பாதியில் நின்றது.

"நா எங்கடி ஊத்துனேன்? நீதானே ஊத்துற?"

"நான் ஒரு தடவைதான் ஊத்துனேன் மாமா."

"ஓமம் கம்மியா கீதுன்னு சொன்னேனே... போன வாரத்துலர்ந்து டேஸ்டே வேறடி."

டீயோடு வந்த அம்மாவிடம் இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டோம். "அத நா எதுக்குத் தொடப் போறேன்? நீங்க ரெண்டு பேருமே ஒரு டைப்பு, உங்க வெளாட்டுல என்ன இழுக்காதீங்க" என்றாள். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நீ போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாய். அந்தத் தகரப் பலகை மீசைக்காரன் மாதிரியே சுருண்டு படுத்திருந்தாய். இதை அன்று உன்னிடம் சொல்லவில்லை. நாலாம் நாள் நீ போய்விட்டாய்.

இப்போது நடப்பதைக் கேள். நீ போன மறுநாள் காலையில் பாட்டிலைப் பார்த்தேன். மட்டம் நகப்பூச்சுப் புள்ளிக்குக் கீழே இருந்தது. ஒரு டானிக் மூடி அளவு. அடுத்த நாள் இன்னொரு மூடி. ஏழு மாதம் குடிக்கக் குடிக்கக் குறையாதது, குடிக்க ஆள் இல்லாமல் குறைகிறது. அம்மாவாக இருக்குமோ என்று பக்கத்தில் போய் அவள் வாயை மோந்து பார்த்தேன். வெற்றிலை வாசனைதான் வந்தது, முதுகில் ஒன்று வைத்தாள். தக்கை இறுக்கமாகத்தான் இருக்கிறது. டானிக் மூடியை மட்டும் காலையில் தொட்டால் உள்ளே ஈரமாக இருக்கிறது.

முதல் வாரம் பயந்தேன். பாட்டிலை ரோட்டோரக் குப்பையில் போடக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். நீ வாசல் நிலையைப் பிடித்து நின்ற இடம் வந்ததும் திரும்பிவிட்டேன். இது தீர்ந்துபோனால் அப்புறம் என்ன ஆகும் என்ற பயம், முதல் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஓமமும் மண்டை வெல்லமும் வாங்கி வந்தேன். "யாருக்குடி வயிறு சரியில்ல?" என்றாள் அம்மா. "சர்வருக்கு" என்றேன். அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஆறவைத்து, வடிகட்டி, புள்ளி வரைக்கும் ஊற்றிவிட்டேன். டானிக் மூடியைத் துடைத்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இத்தனை நாள் நான்தான் ஊற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு குடித்தாய். இனிமேல் அது நிஜம்.

ஓமம் இந்தத் தடவை கம்மி இல்லை மாமா.