அம்மாவுக்குத் திருவிருந்து கொடுத்தது யார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கிறது. நான் சுகம். சுகம்னா, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, நடமாடிக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லா இருக்கணும்னு காலையும் மாலையும் ஆண்டவரைக் கேட்டுக்கிறேன். குழந்தைக்குப் பல் முளைக்குதுன்னியே, காய்ச்சல் விட்டுச்சா? இங்கே சமையல் என் கைவரிசைதான், உங்க அம்மா இருந்திருந்தா ஒரு வாய் வெச்சுட்டு, இதை எதிரிக்குப் பரிமாறுங்கன்னு சொல்லியிருப்பா. அவ புடவைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கலை, பீரோவைத் திறந்தா மூட மனசு வரமாட்டேங்குது. இதெல்லாம் போன்லயே பேசிடலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் உன் குரலைக் கேட்டுக்கிட்டே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதான் பேனாவை எடுத்தேன்.

அம்மா போன அன்னைக்கு நீ அழுதுக்கிட்டே முதல்ல கேட்டது, கடைசியா திருவிருந்து எடுத்தாளாப்பான்னுதான். எடுத்தா, பாஸ்டர் வந்து கொடுத்தார்னு சொன்னேன். அது பொய், பாப்பா. முப்பது வருஷமா சபையில மூப்பரா இருந்து திருவிருந்துக்கு அப்பத்தட்டு ஏந்தினவன் பெத்த மகள்கிட்ட பொய் சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம்னு சும்மாவா சொன்னாங்க.

நடந்தது இதுதான். அன்னைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியில அவளுக்கு மூச்சு வாங்கிச்சு, ஆனா பேச்சு தெளிவா இருந்துச்சு. எனக்குத் திருவிருந்து வேணும், இன்னைக்கே வேணும்னா. பாஸ்டர் போன் அணைஞ்சு கிடந்தது, நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்னு கிளம்பினேன். வார்டு துடைக்கிற அம்மா ஒருத்தி, நர்ஸுங்க பக்கெட் அக்கான்னு கூப்பிடுவாங்க, உங்க அம்மாவுக்குத் தினமும் தலை வாரி விட்டவ, அவகிட்ட கொஞ்சம் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனேன். கோயில்ல சபைக் கமிட்டிக் கூட்டம், கதவு சாத்தியிருக்கு. தட்டியிருக்கலாம். கூட்டம் நடக்கும்போது யாரும் கதவைத் தட்டக்கூடாதுன்னு விதி போட்டவனே நான்தானே, அதனால வெளியே பெஞ்சுல உட்கார்ந்துட்டேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன், பாப்பா. பாஸ்டரோட ஓடி வந்து பார்த்தா எல்லாம் முடிஞ்சிருந்தது. கட்டில் பக்கத்துல அந்த அக்கா, கையில பேப்பர்ல மடிச்ச பாதி பன். அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாங்க, இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை, டீக்கு வாங்கி வெச்சிருந்த பன்னைப் பிட்டு உங்க சாமி பேரைச் சொல்லி வாயில வெச்சேன், ரெண்டு சொட்டுத் தண்ணியும் விட்டேன், அதுக்கப்புறம்தான் கண்ணை மூடினாங்கன்னு சொன்னா. சொல்லிட்டு அந்தப் பேப்பரை என் பக்கம் நீட்டி இன்னும் என்னமோ சொல்ல வந்தா. நான் கேட்டாத்தானே. ஞானஸ்நானம் எடுக்காதவ, கோயில் வாசலை மிதிக்காதவ, நீ யாரு இதைக் கொடுக்கன்னு கத்திட்டேன். பேப்பரைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில போட்டேன். அம்மா உடம்புல சூடுகூட ஆறலை, நான் சட்டம் பேசினேன்.

போன வாரம் அம்மா பேப்பரெல்லாம் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். தூரத்துல இருந்தே என்னைப் பார்த்துட்டு அந்த அக்கா துடைப்பத்தைப் போட்டுட்டு வந்தா. நல்லாக் கேட்கப் போறா, கேட்கட்டும்னு நின்னேன். அவ என்கிட்ட மன்னிப்புக் கேட்டா. தெரியாம பண்ணிட்டேன் ஐயா, அதனால அம்மாவுக்குப் போன இடத்துல ஏதும் குறை வந்துடுமோன்னு பயமா இருக்கு, தினமும் உங்க ஆண்டவர்கிட்ட, தப்பு இருந்தா என் மேல போடு, அந்த அம்மா மேல போடாதேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்னா. இத்தனை வருஷ ஜெபத்துல நான் ஒருநாளாவது அப்படிக் கேட்டதுண்டா? அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியே, என்னம்மான்னு கேட்டேன். வேண்டாம் ஐயான்னு தயங்கினா. வற்புறுத்தினதும் சொன்னா. அம்மா துளிதான் எடுத்தாங்களாம். மீதியை அவருக்கு வை, சாப்பிடாமக்கூட ஓடியிருப்பார், வந்ததும் எடுத்துக்கட்டும், நாங்க சேர்ந்து எடுத்ததா இருக்கும்னு சொன்னாங்களாம். நடைபாதைன்னுகூடப் பார்க்காம அங்கேயே அழுதேன்.

பாஸ்டர்கிட்ட மூப்பர் பொறுப்பு இனி வேண்டாம்னு சொல்லிட்டேன். உன்கிட்ட பொய் சொன்னதுக்கு என்னை மன்னிச்சுடு. தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல போடு, மறந்துடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லு, குழந்தைக்கு என் முத்தம். ஆண்டவர் உங்க வாசலையும் வழியையும் காக்கட்டும். யாராவது கேட்டா, அம்மாவுக்குத் திருவிருந்து கொடுத்தது பக்கெட் அக்கான்னு சொல்லு. எனக்குன்னு அவ வெச்ச பங்கை நான்தான் குப்பையில போட்டேன்னும் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா