அம்மா என்னைத் திட்டிய அன்று

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ பெட்டியோடு வெளியேறி மூன்று வருஷம் ஆகிறது. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்தாயே, அதுவே பெரிது. விலாசத்தைத் தம்பிதான் கொடுத்தான், இரண்டு நாள் யோசித்துவிட்டு. அம்மாவிடம் நான் கேட்கவில்லை; கேட்டால் பயத்திலேயே கொடுத்துவிடுவாள்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

உனக்குத் தெரியாத ஒரு விஷயம். பஸ் பணிமனையில் கூட வேலை செய்பவன்மேல் ஸ்பேனரை வீசிவிட்டேன். குனிந்ததால் பிழைத்தான். வேலை நிலைக்க வேண்டுமானால் மனநல ஆலோசகரிடம் போ என்றார்கள். கடனே என்றுதான் போனேன். மூன்றாவது வாரம் அந்த ஆலோசகர், "வீட்ல உங்களப் பாத்து யார் யாரு பயப்படுறாங்க?" என்று கேட்டார். "யாருமில்ல" என்றேன். திரும்பி வரும் வழியில் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். உன்னிடம் வந்ததும் அதற்குமேல் முடியவில்லை.

பதினான்கு மாதமாக நான் குரல் உயர்த்தவில்லை. ஆனால் பூட்டில் சாவி நுழையும் சத்தம் கேட்டாலே உள்ளே பேச்சு நின்றுவிடுகிறது. சூடு கண்ட பூனை என்பார்கள். சூடு போட்டவன் நான், யாரைக் குறை சொல்ல? சில நாள் மாடிப்படியில் உட்கார்ந்து, அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

போன ஞாயிறு ஈரத்தரையில் செருப்போடு நடந்துவிட்டேன். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? இப்பத்தானே தொடச்சேன்" என்றாள் அம்மா. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் திட்டு. எனக்கு அப்படியொரு சந்தோஷம். துணியை வாங்கி நானே துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறாள். "வாய் தவறி வந்துடுச்சுங்க" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எனக்குக் கோபமில்லை என்று நான் சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் கூடுகிறது. இதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அருகதை இல்லை. உதவி கேட்கிறேன். ஒரே ஒரு நாள் வா. அம்மா எதிரில் என்னை எதிர்த்துப் பேசு. உனக்குக் காரணத்துக்கா பஞ்சம்? பேசிவிட்டு எழுந்து போகாதே, அங்கேயே உட்கார்ந்து நிதானமாக ஒரு டீ குடி. உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும்.

வராவிட்டாலும் கோபப்பட மாட்டேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். எங்கே இருந்தாலும், யாருக்கும் பயப்படாமல் நன்றாக இரும்மா.

அப்பா