பிஸ்கட் டின்னில் உள்ள பாசியைக் கொட்டிவிட வேண்டாம்

அனுப்புநர்:
பி. சோலைமலை, ஜீப் ஓட்டுநர்,
ஆவாரங்காடு, சிலமலை வழி,
போடிநாயக்கனூர் வட்டம்.

பெறுநர்:
வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்,
போடிநாயக்கனூர்.

பொருள்: எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்துப் பக்க அறையைக் கழுவுமுன், அங்குள்ள டின் ஒன்றைத் திறந்து பார்க்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மனைவி தமிழ்செல்வி அறிவியல் ஆசிரியை. பூமிக்கு வெளியே உயிர் இருக்குமா, இருந்தால் எதையெல்லாம் தாங்கும் என்று ஞாயிறுதோறும் மேற்படி அறையில் ஊராருக்கு வகுப்பு நடத்திவந்தார். கூலியில்லாத சோலி என்று நானே கேலி செய்ததுண்டு. என் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள்தான் அதிகம் வந்தார்கள்.

சென்ற தை மாதம், அப்பெண்கள் தோட்டத்து மரங்களில் சுரண்டி வந்த பாசியைக் காயவைத்து, காகிதத்தில் பொதிந்து, பிஸ்கட் டின் ஒன்றில் மூடினார். அதில் நீர்க்கரடி என்றொரு உயிர் உண்டாம்; வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஈரம் வற்றினால் சுருண்டு சாகாமல் கிடக்கும், தண்ணீர் பட்டால் எழும் என்றார். "அடுத்த தையில தண்ணி ஊத்திப் பாப்போம். எந்திரிச்சா செவ்வாயப் பத்திப் பேசுவோம்" என்று வகுப்பில் சொல்லிவைத்தார். ஆடியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

அன்றுமுதல் அறை பூட்டிக் கிடக்கிறது. பொங்கல் கழிந்ததும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, சிமெண்ட் மூட்டை அடுக்கப் போகிறார்களாம். சாவி கேட்டுப் போன என்னிடம் ஊராட்சிச் செயலர், "ஆளே போயாச்சு, பாசி எதுக்குண்ணே?" என்றார். கெட்ட மனிதரல்ல, வாய் தவறி வந்த சொல்தான். ஆனாலும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து அழுதுவிட்டேன் ஐயா.

மறுநாள் மலையேறும்போது, தோட்டத்தில் பழம் எடுக்கும் மாயக்காள், "டீச்சரு இல்லாட்டி என்னண்ணே, தண்ணி ஊத்த நமக்குத் தெரியாதா?" என்றார். அதன்பிறகே இம்மனுவை எழுதத் துணிந்தேன். நுண்ணோக்கியை ஒருநாள் இரவல் தர, என் மனைவி வேலை பார்த்த பள்ளியில் சம்மதித்திருக்கிறார்கள்.

ஆகவே, ஒரே ஒரு ஞாயிறு அவ்வறையைத் திறந்துவிட உத்தரவிடுமாறு பணிந்து கேட்கிறேன். தண்ணீர் நாங்களே கொண்டுவருவோம். பிறகு மூட்டை அடுக்கவும் கைகொடுப்போம். நீர்க்கரடிகள் எழாமலும் போகலாம்; அதையும் அவரே சொல்லியிருக்கிறார். பார்க்காமல் மட்டும் கொட்டிவிட வேண்டாம். அவள் கையால் மூடிவைத்துப் போனதில் இன்னும் உயிரோடு இருக்கக்கூடியது அது ஒன்றுதான் ஐயா.

இடம்: ஆவாரங்காடு
நாள்: 12.01.2026

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) பி. சோலைமலை