திரை மூலையில் ஒரு மணி

மார்ச் 3, திங்கள்

ஆபீஸ் மேனேஜர் பிரதாப் சார் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் ஆபீஸ் சிஸ்டம் டீம் அங்கிருந்தபடியே எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி பில், நோயாளிகள் விவரம் எல்லாம் அதில் திறக்கப் போகிறோம் அல்லவா, அதனால் இந்தக் கெடுபிடி.

டாக்டர் பியூலா போன வாரமே சொல்லிவிட்டார். “ட்ரெயினை விட்டுடுங்க யசோதரா. போன தடவை இன்னா ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியும். நாலாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. இப்போது மூன்று முடியப் போகிறது. காலையில் எங்கள் ஊர் ஸ்டேஷன் சாம்பியன் ரீப்ஸில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். சாயங்காலம் ஆபீஸ் விட்டுத் திரும்பும்போது பங்காருப்பேட்டை வரை நின்றுகொண்டுதான் வர வேண்டும். வேலையையும் விட முடியாது. இந்த ஒரு வழிதான்.

மார்ச் 5, புதன்

கம்ப்யூட்டரைத் திறந்தேன். வலது மூலையில் “டிங்” என்று ரம்மி விளம்பரம். மூடினால் இன்னொன்று — அரைகுறை உடையில் ஒரு பெண். அதையும் மூடினால், ‘உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது.’ கூகுள் வரும் இடத்தில் பேர் தெரியாத ஏதோ ஒரு பக்கம்.

நான் இதைத் தொட்டு மாதங்கள் ஆகின்றன. என் மாமனார் பகலில் அதில் பேப்பர் படிப்பதோடு சரி. அப்படியானால் யார்? என் வீட்டுக்காரர் பிரசாந்தா?

மார்ச் 6, வியாழன்

கேட்டே விட்டேன்.

“நானா? பேக்டரிலேந்து வந்தா கண்ணு சொருவுது, இதைப் பாக்க எனக்கு நேரம் எங்க கீது?” என்று சீறினார் பிரசாந்த்.

நான் நம்பவில்லை. மாமா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன், இனி என்ன செய்ய?

மார்ச் 8, சனி

ஆபீஸ் தோழி ஷில்பா நேற்று ட்ரெயினில் சொல்லிக் கொடுத்தாள். “முதல்ல கண்ட சாப்ட்வேர எல்லாம் தூக்குப்பா. அப்புறம் பிரவுசர்ல எந்த சைட்டுக்கு பர்மிஷன் போயிருக்குன்னு பாத்து எடுத்துடு.” பாதி நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்தேன். ‘வேகம் கூட்டித் தருகிறேன்’ என்று ஒன்று உள்ளே குடியிருந்தது. நீக்கப் போனால், ‘நிச்சயமாகவா?’ என்று கெஞ்சுகிறது சனியன். துரத்திவிட்டேன். சுத்தம்.

மார்ச் 10, திங்கள்

லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். சிஸ்டம் டீம் பையன் ஆபீசிலிருந்தே கம்ப்யூட்டருக்குள் வந்தான், நான் தொடாமலே அம்புக்குறி தானாக நகர்ந்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது. திடீரென்று — டிங். அதே பெண். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

“மேடம், இதுல பேஷண்ட் டேட்டா திறக்க முடியாது.” அடுத்த திங்கள் இன்னொரு முறை பார்ப்பார்களாம். அதுதான் கடைசி.

எப்படி? சனிக்கிழமை துடைத்து வைத்தேனே! ஞாயிறு பிரசாந்துக்கு ஓய்வு. வேறு யார்? அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

ஆபீசில் லேசாக ரத்தம் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நின்றுகொண்டேதான் வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி, பௌர்ணமி

பௌர்ணமிதோறும் போகும் புத்த விகாரைக்கு இன்று போகவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறதாம், ஆனால் படுத்தே இருக்கச் சொன்னார் டாக்டர் பியூலா. பிரசாந்த் ஷிப்டுக்குப் போய்விட்டார். உள் அறையில் படுத்திருந்தேன், கதவு திறந்திருந்தது.

டிங்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். முட்டி வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து எதையோ அமுக்கிவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு டிங். மறுபடி எழுந்தார்.

“மாமா, இன்னா பண்றீங்க?”

“மணி அடிச்சிச்சும்மா. பதில் குடுத்தேன்.”

மாமா தங்கச் சுரங்கம் மூடும்வரை, ஆட்கள் போய்வரும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டியவர். கீழே சுரங்கத் தளத்திலிருந்து மணி அடித்தால் மேலே இவர் திருப்பி அடிக்க வேண்டும், அப்புறம்தான் கேஜ் நகரும். இங்கேயும் ‘அனுமதி’ என்று கேட்டதற்கெல்லாம் அமுக்கிக் கொடுத்திருக்கிறார். நான் துடைத்த மறுநாளே திரும்பவும் கொடுத்திருக்கிறார்.

“பதில் குடுக்கலன்னா கீழ இருக்கறவன் இன்னா நெனப்பான்?” என்றார், இது தெரியாதா என்பது போல.

கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். “கீழ எவனும் இல்ல மாமா! எல்லாம் திருட்டுப் பசங்க! உங்களால என் புள்ள போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?”

மாமா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஐயோ, அந்த வார்த்தை ஏன் என் வாயில் வந்தது!

மார்ச் 15, சனி

பிரசாந்திடம் மன்னிப்புக் கேட்டேன். “உடு, நீ மொதல்ல படு” என்றார். நான் சொல்லச் சொல்ல அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். இனி எந்த சைட்டும் அனுமதி கேட்கவே முடியாதபடி பூட்டியாயிற்று. மாமாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். “சரிம்மா” என்றார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

சிஸ்டம் டீம் பையன் பார்த்து முடிக்கும்வரை திரை மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை. பாஸ்! பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

மே 12, திங்கள், புத்த பூர்ணிமா

ஐந்து மாதம் தாண்டிவிட்டது. வயிற்றுக்குள் ஒரே உதை. சாயங்காலம் விகாரைக்குப் போக வேண்டும் என்று வேலையைச் சீக்கிரமே ஆரம்பித்தேன்.

மாமாவின் போன் வெகுநேரம் அடித்துக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். போன் அவர் மடியிலேயே இருந்தது. கைகள் இரண்டும் நாற்காலிப் பிடிகளில். திரையில் பர்னபாஸ் மாமா படம் — மாமாவோடு சுரங்கத்தில் ஒரே ஷாப்டில் வேலை பார்த்தவர், வருஷா வருஷம் இன்றைக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுவார்.

“மாமா, எடுக்கலையா?”

என்னை நிமிர்ந்து பார்த்தார். “எடுக்கலாமாம்மா?”

“எடுங்க மாமா” என்பதற்குள் மணி நின்றுவிட்டது.

நானே அவருக்குத் திருப்பி போன் போட்டு மாமா கையில் கொடுத்தேன். பேசி முடிக்கும்வரை என்னைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார்.