ஜன்னல் பக்கமும் அடுப்புப் பக்கமும்

டன்மோர் ஹாலோ, வெர்மான்ட்
புதன்கிழமை, ஊர்க்கூட்டத்துக்கு மறுநாள்

மதிப்பும் அன்பும் மிக்க ரொவேனா அவர்களுக்கு,

பக்கத்து வீட்டு ஆர்லன் எழுதுவது. நான் சுகம். டூசான் பாலைவனத்தில் நீங்களும், அறுவை செய்த உங்கள் இடுப்பும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். முதலில் வீட்டுச் செய்தி. குளிர் விடவில்லை என்றாலும் தண்ணீர்க் குழாய் எதுவும் உறையவில்லை. கூரைப் பனி வடக்குப் பக்கமாகச் சரிந்து விழுந்ததில் உங்கள் ரோஜாப் புதரின் ஒரு கிளை முறிந்தது. வெட்டிக் கட்டியிருக்கிறேன். பிழைக்கும் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்னொரு சிறு விஷயம். போன சனிக்கிழமை உங்கள் பின்வாசல் பனியில், எனக்கு முன்பே யாரோ வந்துபோன காலடித் தடம் இருந்தது. பெரிய பூட்ஸ். டெல்மர் ஸ்லேட்டிடம் விசாரித்தேன். "ரொவேனா எனக்கும் ஒரு சாவி குடுத்துட்டுத்தான்யா போனா. நீ குழாயப் பாரு, நான் வீட்டப் பாக்கறேன்" என்றார். இரண்டு பேரிடம் சாவி இருப்பது பாதுகாப்புதான். உங்கள் முன்யோசனையை நான் குறை சொல்லவில்லை. அவர் பூட்ஸைக் கழற்றாமல் சமையலறை வரை போயிருக்கிறார் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். துடைத்துவிட்டேன்.

இனி முதியோர் குடியிருப்பு விவகாரம். போன வசந்தத்தில் நீங்கள் கிளம்பியபோது வெறும் பேச்சாக இருந்தது, பிறகு முற்றிவிட்டது. ஆற்றை ஒட்டிய பெரிய புல்வெளியில் இருநூறு வீடுகள் கட்ட அந்த நிறுவனம் அனுமதி கேட்டது. நீச்சல் குளம், நடன அறை, மாடிப்படியே இல்லாத வீடுகள், கூப்பிட்டால் ஓடிவரும் நர்ஸ். ஊரில் மொத்தமே அறுநூறு பேர். ஆம்புலன்ஸ் ஓட்டுவது ஏழு தன்னார்வலர்கள், அதில் இரண்டு பேருக்கு முதுகுவலி. மார்ச் சேற்றில் நம் மண் சாலையில் டிராக்டரே புதைகிறது. எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். அந்த இருநூறு வீடும் நாம் குடிக்கும் அதே நிலத்தடி நீரைத்தான் உறிஞ்சும். மாநில நில அளவைத் துறையில் காலம் கழித்தவன் என்பதால் எதிர்ப்புக் குழுவுக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். மறுக்கத் தைரியம் வரவில்லை. நனைந்த இடம் தெரியச் சுண்ணக்கட்டி தடவிய அளவு நாடாவை ஊர்க் கிணறுகளில் இறக்கி, போன கோடை முழுவதும் நான் நீர்மட்டம் அளந்துவைத்தது அவர்களுக்கு உதவியது. உங்கள் கிணறு உட்பட எல்லாமே ஆகஸ்டில் இறங்கிப் போகின்றன.

டெல்மர் எங்களுக்கு எதிர்க்கட்சி என்பதை யூகித்திருப்பீர்கள். குடியிருப்புக்கு முதல் ஆளாக முன்பணம் கட்டியவர் அவர்தான். மளிகைக் கடையில் காபிக் கெட்டிலுக்குப் பக்கத்தில் வரைபடத்தை விரித்துவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் விரலால் காட்டுவார். "இது நானு. இது ரொவேனா. நடுவுல ஒரே ஒரு சுவரு, அதுவும் மெல்லிசு." எல்லோரும் சிரித்தார்கள். நான் ரொட்டி வாங்கப் போனவன், வாங்காமலே வீடு திரும்பிவிட்டேன்.

அங்கேதான் ஒருநாள் நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை அவர் உரக்கப் படித்தார். அந்தக் குடியிருப்பு வந்தால் மட்டும்தான் நீங்கள் ஊர் திரும்புவீர்கள், வராவிட்டால் இந்தக் கோடையிலேயே உங்கள் வீட்டை மகள் விற்றுவிடுவாள், படிக்கட்டு ஏற இனி உங்களால் ஆகாது என்று. எனக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில் கள்ளிச்செடி பூத்தது பற்றி இருந்தது. அழகான வர்ணனை. பலமுறை படித்தேன். வீட்டை விற்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. யாருக்கு எதை எழுதுவது என்பது உங்கள் உரிமை. ஆனாலும் இடுப்பு விஷயம் அவருக்கு, கள்ளிப்பூ எனக்கு என்று எப்படிப் பிரித்தீர்கள் என யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அவர் உங்களுக்கு மேப்பிள் பாகு அனுப்பியதும் தெரியும். தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். என் கையிலும் ஒரு டப்பா இருந்தது. அவருடையது இரண்டு மடங்கு பெரியது. என்னுடையதைத் திருப்பி எடுத்து வந்து நானே அப்பத்தில் ஊற்றிச் சாப்பிட்டேன்.

நேற்றுக் கூட்டம். பள்ளி மண்டபத்தில் இடமே இல்லை, சுவரோரம் நின்றார்கள். கூட்டத் தலைவர் வழக்கம்போலப் பால்பண்ணை பெட்டினா. சாலை, பள்ளி, தீயணைப்பு வண்டி எல்லாம் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் குடியிருப்பு விஷயம் வந்தது. பன்றித்தொடை வேகும் வாசனை வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் பொறுமை இல்லை. டெல்மர் எழுந்தார். "இந்த ஊருல பொறக்கலாம், கெழவனா இருக்கத்தான் எடமில்ல. கால் போச்சுன்னா ஊர விட்டே தொரத்துறோம். ரொவேனா எங்க இருக்கா? கள்ளிச்செடிக்கு நடுவுல!" என்றார். பலத்த கைதட்டல். கள்ளிச்செடி பற்றியும் அவருக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு என் முறை. தாளைப் பார்த்தே படித்தேன். "சத்தமாப் பேசு ஆர்லன், கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு" என்று பின்னாலிருந்து யாரோ. ஆனாலும் கிணற்று அளவுகள் முழுவதையும் சொன்னேன்.

ரொவேனா, நான் சொன்னதில் ஓர் அளவும் பொய் இல்லை. ஆனால் நாடாவை மேலே இழுக்கும்போது, மட்டம் இறங்கியிருந்த ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. ஊர்த் தண்ணீர் குறைவதில் ஒரு மனிதனுக்கு என்ன சந்தோஷம்? அந்த மெல்லிய சுவர்தான் காரணம் என்று எனக்கே தெரியும்.

குரல் வாக்கெடுப்பில் இரண்டு தரப்பும் ஒரே சத்தம். பெட்டினா கூட்டத்தைப் பிரித்து நிற்கச் சொன்னார். வேண்டும் என்பவர்கள் ஜன்னல் பக்கம், வேண்டாம் என்பவர்கள் அடுப்புப் பக்கம். நாற்காலிகள் தள்ளப்பட்டன, கோட்டுகள் உரசின, கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாகப் பிரிந்தார்கள். நான் நடுப்பாதையிலேயே நின்றேன். அடுப்புப் பக்கம் போனால் நீங்கள் வரமாட்டீர்கள். ஜன்னல் பக்கம் போனால் வருவீர்கள், டெல்மரின் சுவருக்கு அந்தப் பக்கம். இரண்டில் எது எனக்கு அதிக வேதனை என்று அங்கே நின்று கணக்குப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? பெட்டினா சுத்தியலைத் தட்டினார். "ஆர்லன், நடுவுல நிக்கறது ஓட்டு இல்ல. வழிய மறைக்கறது. எந்தப் பக்கமாவது போங்க, பீன்ஸ் ஆறுது." ஊரே சிரித்தது.

அடுப்புப் பக்கம் போனேன். கிணறுகளுக்காகத்தான் போனேன் என்று சொல்ல ஆசை.

வேண்டும், தொண்ணூற்றேழு. வேண்டாம், தொண்ணூற்றெட்டு.

சாப்பாட்டு வரிசையில் தட்டோடு டெல்மர் என் முன்னால் வந்து நின்றார். "சந்தோஷமா? அவ வர்றத நீதான்யா தடுத்த. ஒரே ஒரு ஓட்டு. போய் அவ கொழாயக் கட்டிக்கிட்டு அழு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதுவரை அவர் உங்களை வைத்து வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது தெரிந்ததும் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. என்னைப் போலவே இன்னொருவர் இருக்கிறார், என்னைவிடச் சத்தமாக.

அதனால் இந்தக் கடிதத்தை இன்றே எழுதுகிறேன். என் வீட்டுக் கீழ்த்தளத்தில் தெற்குப் பார்த்த அறை உங்களுக்குத் தெரியும், என் வரைபட மேசை கிடந்தது. நீங்கள் வந்து தங்குவதற்காக, காலையில் மேசையைக் கழற்றி மாடிக்கு ஏற்றிவிட்டேன். குளியலறையும் அதே தளத்தில். கதவில் வாக்கர் தாராளமாக நுழையும், அளந்து பார்த்தேன். வாசலில் உள்ள இரண்டு படிகளுக்குச் சரிவுப் பலகை போட, சேறு காய்ந்ததும் தச்சர் வருகிறார். நர்ஸ் இல்லை, நடன அறை இல்லை. நான் இருக்கிறேன், எனக்கு நடனம் வராது. ஜன்னலிலிருந்து உங்கள் ரோஜாப் புதர் தெரியும். ஊர் பேசும். டெல்மர் என்ன பேசுவார் என்பதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் ஆசையாகவே இருக்கிறது, மன்னியுங்கள்.

இதை அண்டை வீட்டுக்காரனின் உதவி என்று எடுத்துக்கொள்வதா, வேறு விதமாகவா என்பதை உங்களிடமே விடுகிறேன். எப்படி எடுத்துக்கொண்டாலும் நான் திருத்தம் சொல்ல மாட்டேன். நீங்கள் வரும் வழியை அடைத்தவன் என்பதால் இதைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. வீட்டை விற்பதானால் அதிலும் உங்களுக்கு நல்லதே நடக்கட்டும்.

டெல்மரும் இன்று எழுதிக்கொண்டிருப்பார். வேகமாக எழுதுபவர், அவருடையது முன்னதாக வந்து சேரலாம். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அவருக்குப் பதில் எழுதும் முன் எனக்கு எழுதுங்கள். 'முடியாது' என்றாலும் பரவாயில்லை. அதை மட்டும், இந்த ஒரு தடவை, அவருக்கு முன்னால் எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள் நலனையே நினைக்கும்,
ஆர்லன் வீலாக்