பாவிக்காத ஸ்பிரிங்

மச்சான்,

இன்று காலை ஒரு சைக்கிள் இருக்கைக்கு ஏதாவது ஸ்பிரிங் பொருந்துமா பார்க்கலாம் என்று பழைய பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். சுன்னாகம் சந்தைக்கு எதிரே எனக்கு இப்போது ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருக்கிறது. அது உனக்குத் தெரியாது. மூடியைத் தூக்கியதும் கிறீஸ் தாளின் மணம் முகத்தில் அடித்தது. உள்ளே அந்த ஸ்பிரிங், சுற்றியது சுற்றியபடி, ஒருமுறையும் பாவிக்காமல் புத்தம்புதிதாகக் கிடந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மயிலிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் போட்ட விமானத் திடலில் நாம் இருவரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நீ கடலோடி வீட்டுப் பிள்ளை, நான் வெங்காயத் தோட்டத்துப் பிள்ளை. மத்தியானம் நான் சோற்றுப் பொதியை அவிழ்த்தால், "சைவக்காரர் சாப்பிடப் போறார், மீன்மணம் படக்கூடாது" என்று நீயே எழுந்து தள்ளி உட்காருவாய். தள்ளி இருந்தபடியே விடாமல் கதைப்பாய். இப்போது என்னோடு அப்படிக் கதைக்க ஆளில்லை.

இரண்டு பேர் மட்டும் ஏறும் அந்தக் கிழட்டு விமானம் நம் பொறுப்பில் இருந்தது. வாலடியில் நிலத்தில் உருளும் ஒரு சின்னச் சில்லு. அதை இடமும் வலமும் இரண்டு ஸ்பிரிங்குகள் இழுத்துப் பிடித்திருக்கும். இரண்டுக்கும் ஒரே இழுவை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்கி ஓடும்போது விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். அதனால்தான் தேய்ந்தால் சோடியாக மாற்றச் சொல்வார்கள். ஒருவர் பூட்ட, மற்றவர் பார்த்துக் கையெழுத்து வைப்பது அங்கே முறை.

அன்று பூட்டியவன் நான். வலது ஸ்பிரிங் நீண்டு தளர்ந்திருந்தது. இடதை இழுத்துப் பார்த்தேன், நல்லதாகத்தான் தெரிந்தது. புது வேட்டியைத் திருவிழாவுக்கென்று பெட்டியில் வைத்துவிட்டுக் கிழிந்ததைத் தைத்துக் கட்டும் வீட்டில் வளர்ந்தவன் நான். நல்ல சாமானைக் கழற்றி எறிய மனம் வரவில்லை. இருக்கட்டும், பிறகு உதவும் என்று புதியதில் ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு, மற்றதைத் தாளோடு தகரத்தில் வைத்தேன்.

நீ கையெழுத்து வைக்கும் கொப்பியோடு வந்தாய். "ரெண்டும் மாத்தியாச்சோ?"

"ஓம்" என்றேன்.

வேறு யாரும் சொல்லியிருந்தால் நீ குனிந்து பார்த்திருப்பாய். நான் சொன்னதால் அப்படியே கையெழுத்து வைத்தாய்.

மறுநாள் விமானம் இறங்கி ஓடும்போது வெடுக்கென்று திரும்பியது. ஒரு பக்கத்து இறக்கை மண்ணில் குத்தி முறிந்தது. ஓட்டிவந்த துரைக்குக் கை முறிந்தது. நீ ஓடிப்போய் வாலடியில் குனிந்து பார்த்தாய். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். விசாரணையில், "பூட்டினதும் நான்தான், கையெழுத்து வைச்சதும் நான்தான்" என்று பழியை நீயே ஏற்றுக்கொண்டாய். நான் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னை அன்றே அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை உன் பின்னால் வந்தேன்.

"எனக்குக் கடல் கிடக்கு" என்றாய். "உனக்கு உந்த வேலையை விட்டால் என்ன கிடக்கு? அதை நம்பித்தானே தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிருக்கினம். அது முடியட்டும், பிறகு வந்து நடந்ததைச் சொல்லு."

கலியாணம் தையில் முடிந்தது. நான் துரையிடமும் போகவில்லை, உன்னிடமும் வரவில்லை. சைக்கிளில் ஒரு மணித்தியாலம்கூட இல்லாத தூரம். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினேன். வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம். கார்த்திகையில் உன் வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது என்று கேள்விப்பட்டேன்.

அதற்கு முப்பத்தோராம் நாள்தான் உன் வீட்டுப் படலையைத் திறந்தேன். உள்ளே போய் முற்றத்தில் நின்றேன். உன் மனைவி என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு மண்சட்டியோடு வந்தாள்.

"உங்களுக்கெண்டு வாங்கி வைச்சவர், அண்ணை. மச்சம் படாத சட்டி. அவன் ஒருநாளைக்கு வருவான், பசியோடை அனுப்பக்கூடாது எண்டு சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமையிலை உங்களுக்கு லீவெண்டு படலை பூட்டவும் விடமாட்டார்." பிறகு, "கொண்டு போங்கோ. இஞ்சை இருந்தால் மீன் பட்டிடும்" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன். போர் முடிந்தது, துரைமாரும் கப்பலேறிவிட்டார்கள். இனிச் சொல்வதற்கும் ஆளில்லை.

அந்தச் சட்டியில்தான் தினமும் எனக்கு மட்டும் சோறாக்குகிறேன். பத்திரப்படுத்தி வைக்கவில்லை, அடி கரிப்பிடித்து, விளிம்பும் உடைந்துவிட்டது. ஸ்பிரிங்கை மறுபடி தகரத்தில் வைத்து மூடினேன். நீ அன்று கொப்பியோடு வந்து கேட்டதற்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன்.

இல்லை மச்சான். ஒண்டைத்தான் மாத்தினனான்.